எவருக்கும் உரியதல்லாத வானம்



இரவு வானத்தை அண்ணாந்து பார்த்து, "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேளாத குழந்தை எந்த நாட்டிலும் இல்லை. வளர்ந்தவர்களாகிய நாம் காலப்போக்கில் அக்கேள்வியை மறந்துவிடுகிறோம். அல்லது விஞ்ஞானிகளிடம் அதனை ஒப்படைத்துவிட்டு எமது அலுவல்களைக் கவனிக்கச் சென்றுவிடுகிறோம். ஆயினும், 2016ஆம் ஆண்டு தொடக்கம் உலகின் பல பாகங்களிலும் பெருந்தொகையான மக்கள், பகல் வேலை முடிந்து வீடு திரும்பியதும் ஒரு திரையின் முன் அமர்ந்து, அதே கேள்வியை மீண்டும் கேட்டு வருகின்றனர். அவர்களுக்கு அவ்வாய்ப்பை அளித்தது ஒரு கணினி விளையாட்டு. "நோ மான்ஸ் ஸ்கை" என்பது அதன் பெயர். எவருக்கும் உரியதல்லாத வானம் என்று அதனைத் தமிழிற் கூறலாம்.

பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் வந்து கணினி விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பன இவ்விளையாட்டுக்களே என்னும் முறைப்பாட்டை வாரந்தோறும் பெற்றோரிடமிருந்து கேட்பவன் யான். அம்முறைப்பாட்டில் உண்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பொருளைக் கண்டிப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் முன்னர், அது யாதென்று அறிந்துகொள்வது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடமையாகும். அவ்வாறு அறியப் புகுந்தபோது, இவ்விளையாட்டின் வரலாற்றிலே, மனித இயல்பு பற்றிய பாடம் ஒன்று அடங்கியிருக்கக் கண்டேன். அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், இலண்டன் மாநகரிலிருந்து அதிக தூரமில்லாத கில்ட்போர்ட் என்னும் நகரத்திலே, "ஹலோ கேம்ஸ்" என்னும் சிறு நிறுவனம் இயங்கி வருகின்றது. அதனை நிறுவிய நால்வருள் ஒருவர் ஷோன் மறே என்பவர். இவர் தமது இளமைப் பருவத்தின் ஒரு பகுதியை ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பெருவெளியிலே கழித்தவர். ஊர்களின் விளக்கொளி எட்டாத அவ்விடத்தில், இரவிலே விண்மீன்கள் நிறைந்து தோன்றும் வானத்தைப் பார்த்து வளர்ந்த சிறுவனின் வியப்பே பிற்காலத்தில் இவ்விளையாட்டாக உருவெடுத்தது. 2013ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இதன் முதற் காட்சிகள் உலகிற்குக் காட்டப்பட்டன. அதே மாதம் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல் நாள், அந்நிறுவனத்தின் அலுவலகத்துள் வெள்ளம் புகுந்து கணினிகளையும் தளபாடங்களையும் பாழாக்கியது. ஆயினும் அவர்கள் வேலையைக் கைவிடவில்லை.

அவர்கள் செய்ய முயன்ற காரியம் யாது? வழமையான விளையாட்டுக்களிலே, ஆடுபவன் காணும் ஒவ்வொரு மலையையும் மரத்தையும் யாரேனும் ஓர் ஓவியர் முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார். இங்கோ, மலையை வரைவதற்குப் பதிலாக, மலை உண்டாவதற்குரிய கணித விதியை அவர்கள் எழுதினார்கள். எம் மாணாக்கர் நன்கறிந்த ஓர் உவமையாற் சொல்வதாயின், இது வாய்பாடு போன்றது. பெருக்கலின் விடைகள் யாவற்றையும் எவரும் ஏட்டில் எழுதி வைப்பதில்லை. விதியை அறிந்தவன், கேட்ட இடத்தில், கேட்ட கணத்தில் விடையைச் சொல்லிவிடுவான். யாழ்ப்பாணத்திற் கேட்டாலும் மட்டக்களப்பிற் கேட்டாலும் ஏழெட்டு ஐம்பத்தாறே. அதுபோலவே, இவ்விளையாட்டில் ஒரு கோளை நோக்கி ஒருவர் தம் விண்கலத்தைச் செலுத்தும்போது, அக்கோளுக்குரிய எண்ணைக் கொண்டு, அதன் நிலமும் கடலும் வானத்தின் நிறமும் அங்கு வாழும் விலங்குகளும் அக்கணத்திலேயே கணிக்கப்பட்டு எழுகின்றன. அவர் விலகிச் சென்றதும் மறைகின்றன. நாளை இன்னொருவர் அங்கு சென்றாலும், அதே எண்ணுக்கு அதே உலகமே தோன்றும்.

இம்முறையால் உண்டாகக்கூடிய கோள்களின் தொகை, இரண்டை இரண்டால் அறுபத்துநான்கு தானம் வரை பெருக்கி வருவது, அதாவது 18,446,744,073,709,551,616. வினாடிக்கு ஒரு கோளாகப் பார்த்துக்கொண்டு போனாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய 58,500 கோடி ஆண்டுகள் செல்லும். எமது சூரியனே அத்துணைக் காலம் எரியமாட்டாது.

ஆடுபவர் இவ்விளையாட்டினுள் எவ்வாறு நுழைகிறார் என்பதையும் சொல்லவேண்டும். பெயரறியாத ஏதோவொரு கோளிலே, பழுதடைந்த விண்கலம் ஒன்றன் அருகே அவர் தன்னந்தனியராய்க் கண்விழிக்கிறார். அங்கே வெயில் தீயாய் எரிக்கலாம். அன்றி நச்சுமழை பொழியலாம். காப்புடையின் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். அதனைப் புதுப்பிக்கச் சோடியம் தேடவேண்டும். மூச்சுக்கு ஒட்சிசன் தேடவேண்டும். கலத்தைத் திருத்த இரும்பைத் தரும் பாறைகளை உடைத்துச் சேர்க்கவேண்டும். இவ்வாறு பாடுபட்டுக் கலத்தைச் சீர்செய்து முதன்முறையாக நிலத்தைவிட்டு எழும்போது, முகில்களைக் கடந்து, இடையில் எவ்வித தடையுமின்றி, கரிய விண்வெளியை அடைந்து, தாம் நின்ற கோள் ஓர் உருண்டையாய்க் கீழே தோன்றுவதை அவர் காண்கிறார். ஆடியவர் பலரும் தம்மால் மறக்க முடியாதது என்று கூறுவது அந்த முதற் கணத்தையே.

பிறகு அயல் இனத்தார் சிலரை அவர் சந்திக்கிறார். அவர்கள் பேசும் மொழி அவருக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை. பழைய கற்றூண்களைத் தேடிச் சென்றும், வழியிற் கண்டவர்களோடு பழகியும், ஒவ்வொரு சொல்லாகவே அம்மொழியைக் கற்கவேண்டும். முதலில் ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு சொல் புரியும். எஞ்சியவை வெறும் ஒலிக்குறிகளாய் நிற்கும். நாள் செல்லச் செல்ல வாக்கியம் மெல்ல மெல்லத் துலங்கும். மொழி கற்பித்தலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு, இவ்விளையாட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. அயலான் பேசுவதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் பொறுமை வேண்டும் என்பதை எத்துணை எளிமையாக இது உணர்த்துகின்றது!

இனி, இதன் வரலாற்றுக்கு வருவோம். 2013இலிருந்து 2016 வரை இவ்விளையாட்டைப் பற்றிய எதிர்பார்ப்பு அளவுகடந்து வளர்ந்தது. ஏறத்தாழப் பதினைந்து பேர் மட்டுமே வேலை செய்த ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து, உலகம் ஒரு பிரபஞ்சத்தையே எதிர்பார்த்தது. மறேயும் தாம் அளித்த பேட்டிகளில், தாம் செய்ய எண்ணியவற்றை எல்லாம் செய்து முடித்தவை போலவே பேசினார். வெளியீட்டுத் திகதி சில வாரங்கள் பிற்போடப்பட்டதற்காக, அவருக்குக் கொலை மிரட்டல்கள் கூட விடுக்கப்பட்டன. ஒரு விளையாட்டுக்காக மனிதர் இவ்வளவு தூரம் நிதானம் இழந்தமை வெட்கத்துக்குரியதே.

2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் விளையாட்டு வெளிவந்தது. முதல் நாளிரவு கழிவதற்கு முன்னரே, ஆடியவர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிரினங்களைக் கண்டு பதிவு செய்துவிட்டனர் என நிறுவனம் அறிவித்தது. எமது பூமியில் இன்றுவரை அறியப்பட்டுள்ள உயிரினங்களின் தொகையைவிட இது மிகுதியாகும். கணினியில் மாத்திரம் ஒரே வேளையில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடிக்கொண்டிருந்தனர்.

அந்த நாட்களிலேதான் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. இப்பேச்சின் மையம் என்று நான் கருதுவது அதனையே. இரண்டு ஆட்டக்காரர்கள், ஒருவர் கண்டுபிடித்த கோளையே மற்றவரும் தற்செயலாகக் கண்டடைந்துவிட்டனர். கோடானு கோடி உலகங்களுக்கு இடையே இப்படியோர் ஒற்றுமை நிகழ்ந்ததே என்று பலரும் வியந்தனர். இருவரும் ஒருவரோடொருவர் தொடர்புகொண்டு, அக்கோளில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்து நிற்பதென முடிவு செய்தார்கள். பல்லாயிரம் பேர் தத்தம் வீடுகளிலிருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். குறித்த இடத்தில், குறித்த வேளையில் இருவரும் நின்றார்கள். ஆனால் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தோன்றவில்லை. ஒருவருடைய திரையில் இரவு. மற்றவருடைய திரையிற் பகல். ஒரே மண்ணில் நின்றும், ஒருவருக்கு ஒருவர் இல்லாதவர்களாகவே இருந்தனர்.

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கலாம், ஆனால் அது மிக அரிதாகவே நிகழும் என்று முன்னர் கூறப்பட்டிருந்தது. அது நிகழவே முடியாது என்பது இப்போது வெளிப்பட்டது. ஏமாற்றம் சினமாக மாறிற்று. சொல்லப்பட்ட வேறு பலவும் விளையாட்டில் இல்லை என்பதை மக்கள் பட்டியலிட்டனர். கோள்கள் எண்ணிறந்தனவாயினும், சில மணி நேரத்தின் பின் ஒன்றைப் போலவே மற்றொன்றும் தோன்றுவதாகப் பலர் முறையிட்டனர். அண்டத்தின் மையத்தை நோக்கி நெடுநாட் பயணம் செய்து அதனை அடைந்தவர்களுக்கு அங்கு காத்திருந்தது, இன்னோர் அண்டத்தின் விளிம்பிலிருந்து மீண்டும் தொடங்குவதொன்றே. அறுபது டொலர் கொடுத்து வாங்கியவர்கள் தம் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். பிரித்தானியாவின் விளம்பரத் தராதர அதிகாரசபைக்கும் முறைப்பாடுகள் சென்றன; ஆயினும், விற்பனைப் பக்கத்திலிருந்த விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்தவில்லை என்று அச்சபை 2016 நவம்பரில் முடிவு செய்தது. சட்டம் மன்னித்தாலும் ஆடியவர்கள் மன்னிக்கவில்லை. வெளிவந்த இரண்டு மாதங்களுக்குள், முதலில் ஆடியவர்களுட் பத்திலொரு பங்கினரும் எஞ்சவில்லை.

நேயர்களே, இவ்வேமாற்றத்தின் உட்பொருளைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். எண்ணி முடியாத உலகங்கள் கையில் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் முதலாவதாகக் காலடி வைக்கும் பேறும், பெயர் சூட்டும் உரிமையும் தரப்பட்டுள்ளன. பழைய கடலோடிகள் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய புகழ் இங்கே வீட்டிலிருந்தபடியே கிட்டுகிறது. இருந்தும் மக்கள் எதைக் கேட்டார்கள்? "நான் நிற்கும் இடத்தில் இன்னொருவரும் நின்றால், அவரை எனக்குக் காட்டு" என்றே கேட்டார்கள். கோடானு கோடி உலகங்கள் ஒரு தட்டிலும், ஒரு மனித முகம் மறுதட்டிலும் வைக்கப்பட்டபோது, முகம் இருந்த தட்டே தாழ்ந்தது.

பழி சூழ்ந்த அவ்வேளையில் அந்நிறுவனத்தார் என்ன செய்தார்கள்? அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மாதக்கணக்காக அவர்களிடமிருந்து எவ்வித சொல்லும் வரவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் பேசினர். ஆனால் 2016 நவம்பர் இறுதியில், ஆட்டக்காரர் தமக்கென வீடு கட்டிக்கொள்ளத்தக்க வகையில் விளையாட்டைத் திருத்தி, அத்திருத்தத்தை இலவசமாக வெளியிட்டார்கள். 2017 மார்ச்சில் நிலத்தில் ஓடும் ஊர்திகள் வந்தன. அதன் பின் ஆண்டுதோறும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய திருத்தங்கள் வந்தவண்ணம் இருந்தன. விளையாட்டை ஒருமுறை வாங்கியவர்களிடம் இவற்றுள் எதற்கும் ஒரு சதமேனும் மேலதிகமாகக் கேட்கப்படவில்லை. முன்னர் வேலை முடியுமுன் பேசியவர்கள், இப்போது வேலை முடிந்த பின்னரே பேசினார்கள்.

ஆனால் நிறுவனத்தாரின் உழைப்பு இவ்வரலாற்றின் ஒரு பாதியே. மறுபாதி ஆடியவர்களுடையது. பலரும் விலகிச் சென்ற அக்காலத்தில், எஞ்சி நின்ற சிலர் ஒரு விசித்திரமான காரியத்தில் இறங்கினர். ஒருவரையொருவர் காண முடியாது என்பது தெரிந்திருந்தும், "எல்லோரும் ஒரே வட்டாரத்திற் சென்று குடியேறுவோம்" என்று தீர்மானித்தனர். அவ்வட்டாரத்துக்குக் "கலக்ரிக் ஹப்", அதாவது அண்ட நடுவம், என்று பெயரிட்டனர். அந்நாளில் விளையாட்டிலே முறையான தேசப்படம் இல்லை. ஒரு கருவி காட்டும் குறியீட்டை, பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அமைந்த ஆயத்தளமாக வாசித்துத் தம் இருப்பிடத்தைக் கணித்தார்கள். தாம் விழித்தெழுந்த மூலையிலிருந்து அவ்வட்டாரத்தை அடைய, விண்மீனுக்கு விண்மீன் தாவிச் சிலர் வாரக்கணக்கிற் பயணம் செய்தனர். அங்கு போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? ஒரு கோளுக்கு இன்னொருவர் இட்ட பெயரை வாசிக்கலாம். முன்னர் ஒருவர் இங்கு வந்துபோனார் என்பதை அறியலாம். அவ்வளவே. அந்த அற்பமான அடையாளத்துக்காகவே அவர்கள் அத்தனை தூரம் சென்றார்கள்.

வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்து இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு அவர்களின் மனநிலை விளங்காமற் போகாது. இதே வேளையில் இதே குரலை வேறு ஊர்களிலும் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்னும் எண்ணமே, தனித்திருப்பவர்க்கு ஒரு துணையன்றோ?

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வந்த திருத்தம், ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது. அதன்மூலம் முதன்முறையாக ஆட்டக்காரர் ஒருவர் இன்னொருவரின் இருப்பை அறிய முடிந்தது. முழு உருவமாக அன்று; அந்தரத்தில் மிதக்கும் ஓர் ஒளியுருண்டையாக. அருகே சென்றால் குரலையும் கேட்கலாம். முகமில்லாத அவ்வொளிகள் ஒன்றையொன்று சுற்றி வட்டமிட்டு மகிழ்ந்தன. ஆனால் அதே திருத்தம், உலகங்களை ஆக்கும் கணித விதியையும் மாற்றிவிட்டது. விதி மாறினால் விடையும் மாறுமன்றோ? பசுமையாக இருந்த கோள்களுட் பல தட்பவெப்பமும் நிலத்தோற்றமும் மாறி, வாழத் தகாதவையாயின. நடுவத்தார் தாம் கட்டிய வீடுகளை விட்டு, வேறொரு வட்டாரத்தைத் தெரிந்தெடுத்து அங்கே இடம்பெயர்ந்தார்கள்.

கைவிடப்பட்ட அக்குடியிருப்புக்களை ஆராய ஒரு தொல்லியலாளர் சென்றார் என்றால் நீங்கள் வியப்பீர்கள். அவர் பெயர் அண்ட்ரூ றைன்ஹார்ட். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலே குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டிருந்த பழைய விளையாட்டுப் பேழைகளை 2014இல் அகழ்ந்தெடுத்த குழுவில் இருந்தவர் இவர். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட ஆய்வின் பொருட்டு, இவ்விளையாட்டினுள் நுழைந்து, ஆளில்லாத அவ்வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று பதிவு செய்தார். மண்ணுட் புதைந்த நகரங்களை ஆராயும் அதே ஒழுங்கோடு, வீடு எங்கு கட்டப்பட்டது, எவ்வாறு கட்டப்பட்டது, குடியிருந்தவர் போகும்போது என்ன செய்தி எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார். பொய்யுலகில் எழுந்த வீடுகளே அவை. எனினும் அவற்றைக் கட்டிய உழைப்பும், விட்டுப் பிரிந்த வருத்தமும் பொய்யல்ல. வீட்டை விட்டுப் போகிறவன் வாசலிலே ஒரு சொல் எழுதிவைத்துப் போவது ஏன் என்பதை எம் நாட்டவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை.

2018ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, ஒளியுருண்டைகள் மறைந்து மனித உருவங்கள் தோன்றின. நண்பர்கள் ஒன்றாய்ப் பறக்கவும், ஒன்றாய் வீடு கட்டவும் வழி பிறந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இருவர் ஒரே இடத்தில் நின்று காண முடியாமற் போன காட்சி, இப்போது எல்லார்க்கும் கைகூடியது. 2019இல், பல ஆட்டக்காரர் ஒரே வேளையில் கூடத்தக்க பொது நிலையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அந்நிலையத்தில் இன்று ஒரு வழக்கம் நிலவுகின்றது. நெடுங்காலம் ஆடிச் செல்வஞ் சேர்த்த ஒருவர், புதிதாய் வந்து திகைத்து நிற்கும் ஒருவரைக் கண்டால், விலைமதிப்புள்ள பொருள்களை அவர் கையிற் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் பெயரும் சொல்லாமற் போய்விடுகிறார். இதைச் செய்யும்படி விளையாட்டின் விதி எதுவும் கட்டளையிடவில்லை. செய்பவர்க்குப் புள்ளிகளும் கிடைப்பதில்லை. இறந்துபோன உறவினரின் பெயரையோ, வளர்த்த நாயின் பெயரையோ ஒரு கோளுக்குச் சூட்டி, அங்கே ஒரு சிறு நினைவிடம் எழுப்பியவர்களும் இருக்கின்றனர்.

அதே 2019ஆம் ஆண்டிலே, ஆட்டக்காரர்கள் தமக்குள் பணஞ் சேர்த்து, கில்ட்போர்ட் நகரிலே, அந்நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அண்மையில், அதன் ஊழியர்க்கு நன்றி கூறும் பெரிய விளம்பரப் பலகை ஒன்றை வைத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நிந்தித்த சமூகமே இப்போது நன்றி கூறிற்று. 2020இல், தொடர்ந்து பேணப்பட்டு வரும் சிறந்த விளையாட்டுக்கான சர்வதேச விருதும், 2022இல் பிரித்தானியத் திரைப்படக் கழகமான பாஃப்டாவின் விருதும் இதற்குக் கிட்டின. ஆடியவர்கள் கூறும் மதிப்பீடுகளைத் தொகுத்துக் காட்டும் ஸ்ரீம் என்னும் விற்பனைத் தளத்திலே, 2016இல் மிகத் தாழ்ந்த படியிலிருந்த இவ்விளையாட்டு, 2024 நவம்பரில் மிக நல்லது என்னும் படிக்கு உயர்ந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் சென்றன.

இவ்வரலாற்றில் இன்னுமொரு செய்தியைக் குறிப்பிடாமல் விடமுடியாது. 2025 சனவரியில், நிறுவனத்தார் மலைகளையும் கடல்களையும் முன்னையிலும் பிரமாண்டமாய் ஆக்கவல்ல புதிய விதிகளை இயற்றினார்கள். ஆனால் அவ்விதிகளால் எழும் நிலங்களைப் பழைய கோள்களின்மேல் ஏற்றவில்லை. கோடிக்கணக்கான புதிய சூரியர்களை வானத்திற் சேர்த்து, அவற்றைச் சுற்றும் கோள்களிலே அந்நிலங்களை அமைத்தார்கள். பழைய வீடுகள் நின்ற நிலம் நின்றபடியே இருந்தது. 2017இல் நிகழ்ந்ததையும் 2025இல் நிகழ்ந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வானம் எவருக்கும் உரியதல்லாததாயினும், அங்கே கட்டப்பட்ட வீட்டுக்கு ஓர் உரியவன் இருக்கிறான் என்பது இவ்விரண்டுக்கும் இடையில் மதிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம்.

இதனை வெறும் புகழுரையாக முடித்துவிட எனக்கு மனமில்லை. முதல் நாளிற் பணங்கொடுத்து வாங்கி, ஏமாந்து, திரும்பியே பாராதவர்கள் பலர் உளர். பின்னர் செய்த நன்மை அவர்களைச் சென்றடையவில்லை. மேலும், குறையோடு பண்டத்தை விற்றுவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்னும் தவறான துணிவை இவ்வெற்றி வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடக்கூடும். எட்டு ஆண்டுகள் உழைத்துத் திருத்திய ஒருவரைக் காட்டி, எட்டு நாளும் உழையாத பலர் தப்பித்துக்கொள்ளவும் கூடும். அன்றியும், எல்லையில்லாத விளையாட்டு என்பது முடிவில்லாத விளையாட்டு என்பதையும் மறத்தலாகாது. ஒரு நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கிரிக்கெட் ஆட்டத்துக்கும் பொழுது சாய்ந்தால் முடிவு உண்டு. "இன்னும் ஒரு கோள் மட்டும்" என்று சொல்லிக்கொண்டே விடியும்வரை இருந்துவிடக்கூடிய இடம் இது. பரீட்சையை எதிர்நோக்கும் மாணவன் ஒருவனுக்கு, எழுந்திருக்கவேண்டிய வேளையை விளையாட்டு சொல்லித் தராது, வீடுதான் சொல்லவேண்டும்.

ஆயினும் பெற்றோர்க்கும் எனது சக ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை திரையின் முன் நெடுநேரம் அமர்ந்திருக்கக் கண்டால், "இதை மூடிவை" என்று சொல்லுமுன், "அங்கே யாரோடு இருக்கிறாய்? என்ன கட்டுகிறாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். அவன் சொல்லும் விடையில், அவனுக்கு வீட்டிலும் வகுப்பிலும் கிடையாத ஏதோவொன்று வெளிப்படக்கூடும். ஒருவேளை, தன் கைத்திறனைப் பார்த்து "நன்றாயிருக்கிறது" என்று சொல்லும் ஒருவரை அவன் அங்கே கண்டிருப்பான். அப்படியாயின், அச்சொல்லை நாமும் சொல்லலாமே. பக்கத்திலிருந்து, அவன் தன் உலகத்தைக் காட்டப் பார்த்திருப்பதிலே பத்து நிமிடம் செலவிட்டால், மூடச் சொல்லும்போது அவன் மூடுவதும் இலகுவாகும். என் மாணவர் சிலரிடம் இதனை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

எல்லையற்ற உலகங்களை ஆக்கக் கணிதம் போதும் என்பதை ஒரு சிறு குழுவினர் நிறுவிக் காட்டினர். அவ்வுலகங்களில் மனிதர் தங்கியிருக்க அது மட்டும் போதாது என்பதை ஆடியவர்கள் அவர்களுக்குக் காட்டினர். முதலாமவர் இரண்டாமவர் சொன்னதற்குச் செவிகொடுத்ததனாலேயே, 2016இல் அணைந்துபோயிருக்கவேண்டிய அவ்வானத்தில் இன்றும் விளக்குகள் எரிகின்றன.